ராத்தாவுக்கு ஆக்கிய நண்டு

என் ராத்தாவின் காயம் சீழ் பிடிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன். ஆசைப்பட்டதோடு நிற்கவில்லை, அதற்காகக் கையால் வேலையும் செய்தேன். இதை எழுத இத்தனை வருடம் எடுத்ததற்கு வெட்கம்தான் காரணம் என்று நினைப்பீர்கள். வெட்கம் கொஞ்சம்தான். எழுதினால் எல்லோரும் மறுபடியும் அவளைத்தானே புகழப்போகிறார்கள் என்ற எரிச்சல்தான் கூட. எங்கள் பக்கத்தில் பொறாமைக்கு எரிச்சல் என்றுதான் சொல்வோம். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே இருக்கிற வியாதி.

வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் நாங்கள் இரண்டே பிள்ளைகள், இரண்டும் பெண். ராத்தா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பிறக்கும்போதே அவளுடைய மேலுதடு இடப்பக்கத்தில் மூக்குவரை பிளந்திருந்தது. உள்ளே அண்ணத்தில் குறை இல்லை, உதடு மட்டும்தான். கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். மயக்க மருந்து கொடுத்துத் தைக்க வேண்டும் என்று சொன்னதும் வாப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு யாரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. ராத்தா முக்காட்டின் ஓரத்தை மூக்குவரை இழுத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டே மற்றக் கையால் வேலை செய்யப் பழகினாள். அவளால் முடியாத வேலை ஒன்றே ஒன்றுதான், அடுப்பு ஊதுவது. காற்று பிளவு வழியாகப் போய்விடும். அதற்கு மட்டும் என்னைக் கூப்பிடுவாள்.

உதடு ஏன் அப்படிப் பிளந்தது என்பதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு காரணம் இருந்தது. உம்மா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கிரகணம் பிடித்ததாம். கிரகண நேரத்தில் கத்தியைத் தொடக்கூடாது என்று தெரிந்திருந்தும் உம்மா மீன் வெட்டினாவாம். வாப்பாவின் சொந்தக்காரர்கள் கல்யாண வீடு, இறந்தவருக்கு ஓதுகிற கத்தம் வீடு என்று எங்கே கூடினாலும் இந்தக் கதையை எடுப்பார்கள். உம்மா தலையைக் குனிந்துகொண்டு வெற்றிலையை மடிப்பா.

நான் அழகி. இதை எழுதக் கூச்சம் இல்லை, அந்த நாளில் ஊரே சொன்னதுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் ராத்தாவைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். அவளைப் பார்த்த கண்ணுக்கு நான் இரண்டு மடங்கு அழகாகத் தெரிந்திருப்பேன். அது என் சொந்தச் சொத்து என்று நம்பிக்கொண்டிருந்தேன். பாதி அவளிடமிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுக்க வேண்டும். மூத்தவளுக்குக் கொடுத்த பிறகுதான் இளையவளுக்கு. சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை பறந்து போனது. வாப்பா அதற்குத் தென்னோலைக் கிடுகு போட்டுவிட்டு, வட்டையில் விளைந்த நெல்லையெல்லாம் விற்று, அதே வளவில் றோட்டுப் பக்கமாக ஒரு கல்வீடு கட்டினார். மூன்று அறை, ஓட்டுக் கூரை, சிவப்புச் சீமெந்து போட்ட தரை. இன்னொரு வீடு கட்ட இனி அவரால் முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அது எனக்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று மேசன் கேட்டபோது வாப்பா என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். ராத்தா மேசனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு ஓடு போட்டு முடிகிற நேரத்தில் நிந்தவூரிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வாத்தியார். அவருடைய உம்மா இரண்டுமுறை வந்து என்னைப் பார்த்து, வீட்டையும் சுற்றிப் பார்த்து, கிணற்றுத் தண்ணீரைக்கூடக் குடித்துப் பார்த்துவிட்டுப் போனா. வெள்ளாமை வெட்டு முடிந்ததும் பேசி முடிக்கலாம் என்றா. நான் அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் மனதுக்குள் சாமான்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நானும் ராத்தாவும் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு லேடி டொக்டர் இருந்தா. மெலிந்த மனுஷி, கண்ணாடி போட்டவ, நாங்கள் கதைத்தால் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்பா. உம்மாவுக்கு மருந்து எழுதிக்கொண்டே ராத்தாவை நிமிர்ந்து பார்த்தா.

"முக்காட்டை எடும் பிள்ளை, பாப்பம்."

ராத்தா எடுக்கவில்லை. டொக்டர் எழும்பி வந்து, அவளுடைய கையைத் தன் கையால் மெதுவாகக் கீழே இறக்கினா. உதட்டை இரண்டு பக்கமும் பிடித்துச் சேர்த்துப் பார்த்தா. வாயைத் திறக்கச் சொல்லி உள்ளேயும் பார்த்தா.

"இதை ஏன் இவ்வளவு காலமும் விட்டுவைச்சிருக்கிறியள்? கொழும்பில இதுக்கெண்டே படிச்ச டொக்டர்மார் இருக்கினம். தைச்சால் ஒரு கோடு மட்டும்தான் மிஞ்சும்."

உம்மா அழத் தொடங்கிவிட்டா. காய்ச்சலோடு, அந்தக் கிரகணக் கதையை முதல்தடவையாகத் தன் வாயாலேயே சொன்னா. கத்தி, மீன் எல்லாவற்றையும் சொல்லி, "நான்தான் செஞ்ச டொக்டர், என்ட புள்ளைக்கு நான்தான் செஞ்ச" என்றா.

"கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை அம்மா. வயித்தில பிள்ளை உருவாகிற முதல் மாதங்களில முகத்தின்ர ரெண்டு பக்கமும் வந்து பொருந்தோணும். சில பிள்ளையளுக்குப் பொருந்துறதில்லை. ஏன் எண்டு உலகம் முழுக்க இன்னும் ஆராய்ஞ்சு கொண்டுதான் இருக்கினம். உங்களில பிழை இல்லை."

உம்மா அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. இத்தனை வருடம் சுமந்த பழியை ஒருத்தி ஒரு நிமிடத்தில் இறக்கி வைத்தா. நான் பக்கத்தில் நின்று வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். உதடு சரியானால் ராத்தாவைக் கட்டிக் கொடுக்கலாம். ராத்தாவைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீடு அவளுக்கு.

டொக்டர் கொழும்புக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தா. வாப்பாவுக்கு ஆசை இருந்தது, ஆனால் பயமும் இருந்தது. அல்லாஹ் படைத்த முகத்தை மாற்றலாமா என்று கேட்கப் பள்ளிக்குப் போனார். ஐந்து நேரமும் ஒழுங்காகத் தொழாத நான் அன்றைக்கு ஒளுச் செய்து தொழுது, ஆகாது என்று மௌலவி சொல்லிவிட வேண்டும் என்று துஆக் கேட்டேன். வாப்பா சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"குறைக்கு மருந்து செய்யலாமாம். அழகுக்கெண்டு மாத்துறதுதான் கூடாதாம்."

வாப்பா, உம்மா, ராத்தா மூன்று பேரும் கொழும்புக்குப் போனார்கள். மட்டக்களப்புவரை பஸ், அங்கிருந்து கோச்சி என்கிற ரயில். நான் கோச்சியில் ஏறியதே கிடையாது. கொழும்பைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ராத்தாவுக்குப் புதுச் சாரி, புதுச் செருப்பு, கோச்சியில் தின்ன உம்மா பொரித்த பணியாரம். நான் பக்கத்து வீட்டு மாமியோடு நிற்க வேண்டும். பஸ் வெளிக்கிடும்போது ராத்தா ஜன்னலால் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். அவளுடைய கை குளிர்ந்திருந்தது. பயத்தில்தான். எனக்கு அது விளங்கியது, ஆனாலும் பயணம் போகிறவளின் சந்தோஷம் அவளுக்கு எங்கேயோ இருக்கும் என்று தேடிக்கொண்டே நின்றேன்.

பக்கத்து வீட்டு மாமியின் புருஷன் குவைத்தில் வேலை செய்தார். அவர் அனுப்பிய சாமான்களில் சின்னச் சின்னக் கண்ணாடிப் போத்தல்களில் ஒரு கிறீம் இருந்தது. பூசினால் ஒரு கிழமையில் முகம் வெளுக்கும் என்று மாமி சொன்னா. நான் மாநிறம், ராத்தா வெள்ளை. ஒருவரும் அதுவரை அதைக் கவனித்ததில்லை, ஏனென்றால் அவள் முகத்தை யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. உதடு சரியானால் கவனிப்பார்கள் என்று எனக்குப் பட்டது. மாமியிடம் ஒரு போத்தலைக் கேட்டு வாங்கினேன். காலையும் மாலையும் பூசினேன். மூன்றாம் நாள் முகம் மினுங்கியது. நான் கண்ணாடியை விட்டு அசையவில்லை.

தையல் வெட்டிய பிறகுதான் அவர்கள் திரும்பி வந்தார்கள். ராத்தா பஸ்ஸால் இறங்கும்போது முக்காடு தலையில்தான் இருந்தது, முகத்தில் இல்லை. மேலுதட்டில் சிவப்பாகத் தடித்த ஒரு கோடு. கொஞ்சம் வீங்கியிருந்தது. ஆனால் உதடு முழு உதடு. அந்த முகத்தை எனக்குத் தெரியாது. அவ்வளவு காலமும் ஒரே பாயில் பக்கத்தில் படுத்தவளின் முகம், அதைப் புதிதாகப் பார்க்கிறேன். மூக்கு இவ்வளவு கூராக இருந்ததா என்று நினைத்தேன். வாய்க்குள் கசந்தது.

அன்றைக்கே தெருவிலுள்ள பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் ராத்தாவின் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "மாஷா அல்லாஹ்" என்றார்கள். ஒருத்தி, "தங்கச்சிய விட வடிவு கா" என்றாள். அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தவள் நான்தான். அந்தக் கோப்பையில் சீனி போடாமல் கொடுத்தேன். அந்த நேரத்தில் என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

உம்மா பத்தியத்தை அறிவித்தா. நாற்பது நாளைக்கு அரிசிக் கஞ்சி, பூண்டு சுட்டது, மிளகுத் தண்ணி. இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி ஒன்றும் வாயில் படக்கூடாது. எல்லாம் கிரந்தி. ஆறுகிற புண்ணில் கிரந்தி பட்டால் சீழ் பிடித்துத் தையல் பிரிந்துவிடும் என்றா. நண்டைப்பற்றிச் சொல்லும்போது உம்மாவின் குரலே தணிந்துவிடும். நண்டு தின்று புண் அழுகியவர்கள் என்று நாலு ஊர்க் கதை அவவிடம் இருந்தது. எனக்கு உம்மாவின் சொல்லில் ஒரு சந்தேகமும் கிடையாது. டொக்டர்மார் சொல்வதைக் கேட்க எனக்கென்ன தேவை, என் உடம்பு முழுக்க உம்மா சொல் கேட்டு வளர்ந்த உடம்பு.

இரண்டு நாளைக்குப் பிறகு, வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர் சைக்கிளை வேலியோரம் நிறுத்தியபோது பெட்டிக்குள் நண்டு கிடந்தது. நல்ல கடல் நண்டு, கால் அசைகிறது. உம்மா லுஹர் தொழுதுவிட்டுப் படுத்திருந்தா. நான் நாலு நண்டு வாங்கினேன்.

புது வீட்டில் குசினி கட்டி முடிந்திருந்தது, அடுப்பு போட்டிருந்தது, இன்னும் பற்ற வைக்கவில்லை. புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் முதலில் நண்டு காய்ச்சினேன். பிற்பகலில் காற்று கடலிலிருந்து றோட்டுப் பக்கம் அடிக்கும், மணம் பழைய வீட்டுக்கு வராது. அதைக்கூட யோசித்துத்தான் செய்தேன். நண்டை உடைத்து, இடித்து, சாறு பிழிந்து, சதையை நோண்டி எடுத்து, தேங்காய்ப் பாலில் மிளகும் கொஞ்சம் மஞ்சளும் போட்டுக் கஞ்சி பதத்துக்கு ஆக்கினேன். அவளால் இன்னும் கடிக்க முடியாதல்லவா. கோதுகளைத் தென்னை அடியில் புதைத்தேன். கெட்ட வேலை செய்கிறவளுக்கு வருகிற கவனம் நல்ல வேலை செய்கிறவளுக்கு வருவதில்லை.

ராத்தா கோப்பையை மணந்து பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நண்டா?"

"கஞ்சி குடிச்சுக் குடிச்சுக் காய்ஞ்சு போனாய். உம்மாக்கு ஒண்டும் செல்லிடாத."

அவள் கரண்டியால் மெதுவாக, ஒரு சொட்டும் விடாமல் குடித்து முடித்தாள். நண்டு அவளுக்கு உயிர். குடித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகுக் காரம் என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். நண்டு கிடைக்காத நாளில் இறால். ஒருநாள் கணவாயும் கிடைத்தது, அதை அவித்து அம்மியில் மசிய அரைத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு முன்னால் குந்திக்கொண்டிருந்து அந்தக் கோட்டைப் பார்ப்பேன். இன்றைக்குக் கொஞ்சம் கூடச் சிவந்திருக்கிறதா, ஓரத்தில் தண்ணி கசிகிறதா, வீக்கம் ஏறுகிறதா. ஒவ்வொரு காலையும் எழும்பியதும் முதல் வேலை அதுதான். அவள் செத்துப்போக வேண்டும் என்று நினைத்ததில்லை, அதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன். உதடு மட்டும் பழையபடி ஆகிவிட வேண்டும். எல்லோரும் எங்கே இருந்தார்களோ அங்கேயே இருக்க வேண்டும். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

சிவப்பு குறைந்தது. வீக்கம் வடிந்தது. தடித்திருந்த கோடு மெலிந்து, தோலோடு படிந்தது. நான் இன்னும் கூடக் கொடுத்தேன், அது இன்னும் வேகமாக ஆறியது. ஒருநாள் காலையில் குசினிக்குள் போனேன். ராத்தா அடுப்பின் முன்னால் முழங்காலில் நின்று, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள். தீ பற்றியது. அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சாம்பல் பறந்து அவளுடைய கன்னமெல்லாம் ஒட்டியிருந்தது. இனி அடுப்பு ஊதக்கூட என்னைக் கூப்பிடமாட்டாள். வெளியே போய்க் கிணற்றடியில் இருந்து அழுதேன்.

என் முகமோ வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. கிறீம் பூசிய இடமெல்லாம் முதலில் அரித்தது, பிறகு சிவந்தது, பிறகு தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் ஓரிடம் வெள்ளை, ஓரிடம் கறுப்பு. ஒரே வீட்டில் இரண்டு முகம், ஒன்று ஆறுகிறது, மற்றது புண்ணாகிறது. உம்மா என் முகத்துக்கு மஞ்சள் அரைத்துப் பூசினா. நான் வெயில் பட்டது என்று பொய் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டிய நாள் வந்தது. மறுபடியும் நாங்கள் மூன்று பேரும் போனோம். லேடி டொக்டர் ராத்தாவின் உதட்டை விரலால் தடவிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தா.

"இவ்வளவு வடிவா ஆறும் எண்டு நான் நினைக்கேல்லை. என்ன சாப்பிடக் குடுத்தனீங்கள் அம்மா?"

"கஞ்சிதான் டொக்டர். கண்டிப்பான பத்தியம்" என்றா உம்மா பெருமையோடு.

"வெறும் கஞ்சியிலயோ? காயம் ஆற மீன், முட்டை, இறைச்சி எல்லாம் வேணும். இல்லாட்டி உடம்பு எதை வைச்சுத் தோலைக் கட்டும்? இங்க வாற ஆக்கள் பத்தியம் எண்டு பட்டினி கிடந்து புண்ணைப் பெருப்பிச்சுக்கொண்டு வருகினம்."

ராத்தா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "தங்கச்சி எனக்கு நண்டு ஆக்கித் தந்த. உம்மாக்குத் தெரியாம."

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா, அடிக்கக் கை எழும்பியது. டொக்டர் அதற்குள் என் தோளில் தட்டி, "கெட்டிக்காரி. நீர்தான் இவவைக் காப்பாத்தியிருக்கிறீர்" என்றா. பிறகு என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தா. "இதென்ன? வெளுக்கிற கிறீம் பூசினனீரோ? அதுகளில பாதரசம் கலக்கினம் பிள்ளை. தோலோட நிக்காது, சிறுநீரகத்தையும் பழுதாக்கும். இண்டைக்கே எறியும்." என்னைப்பற்றிய பாராட்டும் கண்டிப்பும் ஒரே மூச்சில் வந்தன. இரண்டாவது மட்டும்தான் எனக்குரியது. எனக்கு அங்கேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நஞ்சு என்று நினைத்துக் கொடுத்தது மருந்தாகியிருக்கிறது. நான் கொடுக்காமல் விட்டிருந்தால், உம்மாவின் கஞ்சியே எனக்கு வேண்டியதைச் செய்து தந்திருக்கும்.

வெள்ளாமை வெட்டு முடிந்தது. நிந்தவூரிலிருந்து வாத்தியாரின் உம்மா வந்தா. பேசி முடிக்கத்தான் வந்தா. உம்மாவோடு உள்ளே இருந்தா, வாப்பா வெளியே கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பவுடரை அப்பிக்கொண்டு வந்து நின்றேன். அது திட்டுத் திட்டாகத் தெரிந்தது. பின்னால் ராத்தா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள், முகத்தில் ஒன்றும் பூசாமல். அந்த மனுஷி தட்டிலிருந்து கோப்பையை எடுக்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தா.

"மூத்த புள்ள இரிக்கக்குள்ள இளையதக் கட்டுறது முறையில்லதானே" என்றா மெல்ல. "முந்தி ஒரு காரணம் இரிந்த. இப்ப இல்லயே. வீடும் ஒண்டுதான், மாப்பிள்ளையும் ஒண்டுதான். மூத்தவளுக்கே பேசி முடிப்பமா?"

வெளியே வாப்பாவின் கதிரை அசைந்த சத்தம் கேட்டது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார், அதுதானே முறை. உம்மாவும் சொல்லவில்லை. அவவுக்கு இத்தனை வருடப் பழிக்கு நட்டஈடு கிடைத்தது போல. என்னுடைய வீடு, என்னுடைய ஜன்னல், என்னுடைய வாத்தியார் எல்லாம் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்க்கொண்டிருந்தன.

ராத்தா தட்டை மேசையில் வைத்தாள்.

"இல்ல மாமி. என்ட வாய் இப்பிடி ஆறினது தங்கச்சி தந்த நண்டாலதான். டொக்டரே செல்லிட்டா. உம்மாட ஏச்சுக்கும் பயப்பிடாம ஒளிச்சு ஒளிச்சு ஆக்கித் தந்த. இந்த வீடு அவளுக்குத்தான். நான் உம்மாவோட பழைய வீட்டில இரிக்கிறன்."

வாத்தியாரின் உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தா. இப்படி மனம் உள்ள பெண்தான் தன் மகனுக்கு வேண்டும் என்று என்னைப் பக்கத்தில் இழுத்து உச்சி முகர்ந்தா. நான் வாய் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். மனதுக்குள் புது வீட்டுச் சிவப்புத் தரைதான் தெரிந்தது, இனி அது என்னுடையது என்ற நினைப்பு மட்டும்தான் வந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது, அதுவும் முழுதாக வரவில்லை. ஏனென்றால் ஊர் முழுக்க ராத்தாவின் தியாகத்தைத்தான் பேசியது. வீடு எனக்குக் கிடைத்தது, பெயர் அவளுக்குக் கிடைத்தது. அதற்கும் எரிந்தேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் பிற்பகல் ராத்தா எனக்கு மருதோன்றி வைத்தாள். புது வீட்டு அறையில் நாங்கள் இரண்டு பேரும்தான். வலது கை முடிந்து இடது கை வைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், விரல் நுனியில் மருதோன்றியை அப்பிக்கொண்டே கதைத்தாள்.

"நண்டு தாற நேரமெல்லாம் நீ என்ட முகத்தப் பாக்கல்ல புள்ள. தையல் போட்ட இடத்தத்தான் பாத்த."

கையை இழுக்கப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"அசையாத, கலையும்."

"தெரிஞ்சா மறுகா ஏன் திண்ட?" என்றேன் கடைசியில்.

"கொழும்பு டொக்டர் எல்லாம் தின்னலாம் எண்டு சென்னவர். வாப்பா உம்மாக்குப் பயந்து அத வீட்டில செல்லல்ல. எனக்கும் பசி."

"மறுகா ஏன் எனக்கு வீட்டத் தந்த?"

அவள் சுண்டு விரலை முடித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தக் கோடு சிரிக்கும்போது மட்டும் கொஞ்சம் தெரியும்.

"தராட்டி இன்னம் என்னென்ன ஆக்கித் தருவியோ எண்டு பயம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். விளையாட்டாகச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. அதற்குள் உம்மா கூப்பிட்டு, அவள் எழும்பிப் போய்விட்டாள்.

ராத்தாவுக்கு இரண்டு வருடம் கழித்துச் சம்மாந்துறையிலிருந்து ஒருவர் வந்தார். நெல் மில்லில் வேலை. கிடுகு வீட்டுக்குத்தான் வந்தார், பிறகு அவரே அதற்கு ஓடு போட்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறுதான். அவள் தினமும் வருவாள், என் பிள்ளைகளைத் தூக்குவாள், சட்டை தைத்துக் கொடுப்பாள், எனக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே கிடப்பாள். சோற்று நேரம் வந்தால் மட்டும் எழும்பிவிடுவாள். வீட்டில் ஆக்கி வைத்துவிட்டு வந்தேன் என்பாள். நோன்பு திறக்கக் கூப்பிட்டாலும் தன் வீட்டிலிருந்து ஒரு சட்டி கொண்டுவந்து எல்லோருக்கும் வைத்துவிட்டு, அதிலிருந்தே தானும் தின்பாள். நான் நன்றாகச் சமைப்பேன் என்று ஊரே சொல்லும். அந்தப் பத்திய நாட்களுக்குப் பிறகு இந்த வீட்டுக் குசினியில் நான் ஆக்கிய எதையும் என் ராத்தா இதுவரை வாயில் வைத்ததில்லை.